ஹாலில் பரப்பிய சீர்வரிசை

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கொஞ்சம் பார்த்துக் காலை வைத்து வாருங்கள். இடது ஓரத்தில் டியூப்கள், வலது ஓரத்தில் விளக்குகள், டீபாய்க்கு அடியில் ஷூ. சோபாவில் கையைப் பரப்பிப் படுத்திருப்பது இரவில் வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னும் மேலங்கி. எதிர்ச் சுவரில் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து நிற்கிறது என் சைக்கிள்!

"என்னடி இது, சீர்வரிசை பரப்பின மாதிரி இருக்கு. தட்டு மட்டும்தான் குறைச்சல்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, உள்ளே போய் நிஜமாகவே இரண்டு எவர்சில்வர் தாம்பாளங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் கருவிகள், இன்னொன்றில் தின்பண்டம். அந்த நிமிடத்திலிருந்து என் ஹால் அவ்வளவு அழகாகிவிட்டது.

நாளை சனிக்கிழமை. காலை 6 மணிக்குச் சென்னையில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் தாண்டிப் புதுச்சேரியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். 300 கிலோமீட்டர், 20 மணி நேரம். இதற்குப் பெயர் பிரெவே. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரீசியன் என்ற சங்கத்தின் விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கிறது. 200 கிலோமீட்டர் என்றால் 13 மணி 30 நிமிடம், 400 என்றால் 27 மணி, 600 என்றால் 40 மணி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லோரும் ஒரே பட்டியலில்தான்.

அதில் ஒரு விதி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த விதி. வந்ததற்கு அடையாளமாக முத்திரை குத்தும் இடங்களைத் தவிர, வழியில் உங்களுக்கென்று உதவி வண்டி பின்னால் வரக் கூடாது. கடையில் வாங்கிச் சாப்பிடலாம், பங்ச்சர் கடையில் நிற்கலாம். மற்றபடி உங்கள் பையில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பட்டறை, அதுதான் உங்கள் மருந்துக்கடை. அந்த ஒரு விதியால்தான் எங்கள் வீட்டு ஹால் இன்று இப்படிக் கிடக்கிறது!

பந்தய முடிவில் கை தூக்கி நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முந்தின இரவுத் தரையை யாரும் காட்டுவதில்லை. எனக்கோ இந்தத் தரை மேல்தான் ஆசை. இங்கே கிடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால், யாரோ ஒருவர் என்றோ ரோட்டோரத்தில் அது இல்லாமல் நின்ற கதை இருக்கிறது. அவர் நின்றதால் அடுத்தவர் எடுத்துப் போகிறார்.

தரைக்கு வருமுன் உங்களை வியாழக்கிழமை சாயங்காலத்துக்குக் கூட்டிப் போகிறேன், சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் பாய் கடைக்கு.

தெருமுனையில் பத்துக்குப் பத்து அறை. மேலே கொடிகொடியாய் டியூப்கள், கீழே ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. பாய் என் சைக்கிளைத் தூக்கி மாட்டி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கேட்கிறாராம்! அப்புறம் செயின் அளக்கும் சின்னத் தகட்டை எடுத்துச் செருகினார். அது தடையில்லாமல் உள்ளே இறங்கியது.

"நீண்டுடுச்சும்மா. பாயின்ட் அஞ்சு தாண்டிடுச்சு."

செயின் நீண்டுவிட்டது என்றால் இரும்பு ஜவ்வு மாதிரி இழுபட்டுவிட்டது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இரும்பு அப்படியேதான் இருக்கிறது. கண்ணிகளைக் கோக்கும் பின்கள் தேய்கின்றன. ஒவ்வொரு பின்னும் மயிரிழை தேய, நூற்றுச் சொச்சம் கண்ணிகளிலும் சேர்த்து மொத்த நீளம் கூடுகிறது. அரை சதவீதம் கூடினால் மாற்றிவிடு என்பது கணக்கு. மாற்றாவிட்டால் அது பல்சக்கரங்களையும் கூடவே தின்றுவிடும். போதாததற்கு நாங்கள் போகும் பாதையில் உப்புக்காற்று. மரக்காணம் உப்பளங்களின் ஓரமாக ஒரு தடவை போய் வந்து துடைக்காமல் விட்டுப் பாருங்கள், மறுநாள் செயினில் மஞ்சள் பூசியிருக்கும்.

"இதை ஏன் வியாழக்கிழமையே மாட்டறேன் தெரியுமா?" என்றார் பாய். "புதுச் செயின் பழைய பல்லுல ஒட்டாம எகிறும். இன்னிக்கு மாட்டி, நாளைக்கு ஓட்டிப் பாத்து, எகிறுனா எடுத்துட்டு வரணும். நாளைக்கு மாட்டினா எப்போ வருவே, பாண்டிச்சேரியிலேர்ந்தா?"

மூன்று தடவை தெருவைச் சுற்றி ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு கியரையும் ஏற்றி இறக்கிக் காட்டினேன். எகிறவில்லை!

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. ரிம்மில் பெண்டு எடுப்பதற்கு முன் பாய் கம்பிகளைச் சுண்டுகிறார். டிங், டிங், டிங், டொங். டொங் என்றது தளர்ந்த கம்பி. இழுவிசை குறைந்தால் ஒலி தாழும், தம்புராவில் சுருதி சேர்ப்பதும் இதே கணக்குதான். சின்னச் சாவியால் கால் சுற்று, அரைச் சுற்று. மறுபடி சுண்டல். கடைசியில் சக்கரம் முழுக்க ஒரே குரலில் பேசியது. நான் கைதட்டியே விட்டேன். பாய் கேட்காமலேயே அதே நீளத்தில் ஒரு உபரிக் கம்பியை எடுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் சட்டத்தோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் ஒட்டினார். "கூடவே வரட்டும்" என்றார்.

சரி, ஹாலுக்குத் திரும்புவோம். கருவித் தட்டு.

பங்ச்சர் சாமான்களை முதலில் காட்டுகிறேன், இங்கேதான் விஷயமே இருக்கிறது. மாற்று டியூப் இரண்டு. இரண்டும் பழைய காலுறைக்குள் பவுடர் தடவி இருக்கின்றன. ஏன் காலுறை? போன வருடம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் பின்சக்கரம் இறங்கியது. உற்சாகமாக மாற்று டியூபை எடுத்து மாட்டிக் காற்றடித்தால், புஸ்ஸென்று அதுவும் இறங்கியது. மாதக்கணக்காகப் பைக்குள் கருவியோடு உரசி உரசி, பயன்படுத்தாத டியூபிலேயே ஓட்டை! ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு லாரி பங்ச்சர் கடையைப் பிடித்தேன். அந்த அண்ணன் ஐந்தே நிமிடத்தில் ஒட்டித் தந்துவிட்டார். ஆனால் அவருடைய காற்றுக் குழாய் என் டியூபின் வாயில் பொருந்தவில்லை. என்னுடையது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. லாரி, பைக், கார் எல்லாவற்றுக்கும் இருப்பது தடித்த வால்வு. என் கைப் பம்பால் முந்நூறு தடவை அடித்துப் புறப்பட்டேன்.

அதனால்தான் இதோ, தட்டின் நடுவில், விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. ஒல்லி வால்வின் மேல் திருகினால் அது தடித்த வால்வாகிவிடும். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையின் எந்தப் பெட்ரோல் பங்கும் என் பங்குதான்! ஐந்து கிராம்கூட இருக்காது. இந்த வீட்டிலேயே எனக்குப் பிடித்த நகை இது.

பக்கத்தில் ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன் டியூப், உப்புத்தாள். டயரை நெம்ப மூன்று பிளாஸ்டிக் நெம்புகோல். அப்புறம் பழைய டயரிலிருந்து பாய் வெட்டித் தந்த இரண்டங்குலத் துண்டு. டயர் பக்கவாட்டில் கிழிந்து டியூப் வெளியே பிதுங்கினால், உள்ளிருந்து இதை வைத்து அடைக்கலாம். அவசரத்துக்கு ரூபாய் நோட்டை மடித்து வைத்தே வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

இது என்ன என்று கேட்கிறீர்களா? முள்வாங்கி! பாட்டி காலத்து எவர்சில்வர் முள்வாங்கி, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வந்தது. நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு எமன் ஆணியோ கண்ணாடியோ மட்டுமில்லை. லாரி டயர் வெடிக்கும்போது அதனுள் இருக்கும் எஃகு இழைகள் சிதறி ரோட்டோரம் கிடக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. நம் டயரில் தைத்தால் கண்ணுக்கே தெரியாது. டியூபை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அரைமணியில் மறுபடி இறங்கும், அதே இடத்தில். கைக்குட்டையை டயரின் உட்புறம் மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே இருக்கிறான் அவன். நகத்துக்கு வர மாட்டான், முள்வாங்கிக்கு வருவான்.

இப்படி டயரைக் கையால் கழற்றி ரோட்டிலேயே சரிசெய்ய முடிகிறதே, அதற்கே ஒரு பிறந்தநாள் கொண்டாடலாம். ஆரம்பக் காலக் காற்று டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தன. பங்ச்சர் ஆனால் பிய்த்து, ஒட்டி, காயவைத்து எடுக்க மணிக்கணக்கு ஆகும். 1891-ல் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நடந்தபோது, கழற்றி மாட்டும் மிஷலின் டயரோடு வந்து நின்றார் ஷார்ல் தெரோன். 1,200 கிலோமீட்டர் பாதையை மூன்று நாள் முடிவதற்குள் கடந்து ஜெயித்தார். எங்கள் பிரெவேக்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் கடல் அந்தப் பாதைதான். இப்போது அது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, 90 மணி நேர அவகாசத்தோடு.

காற்று எவ்வளவு? இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். 28 மில்லிமீட்டர் டயர், 58 கிலோ நான். முன்னால் 65 பி.எஸ்.ஐ., பின்னால் 70 வைக்கிறேன். கல் மாதிரி அடித்தால் வேகமாகப் போகும் என்று நம்பியிருந்தேன். வழவழப்பான மேடையில் அது சரி. நம் சாலையில் கல்டயர் ஒவ்வொரு சொரசொரப்புக்கும் துள்ளும். துள்ளுகிற சக்தி முன்னால் போகாமல் மேலே போய் வீணாகிறது, முதுகுக்கும் வருகிறது. கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், சைக்கிள் மிதக்கும்!

இன்னும் ஒரே ஒரு சாமானைச் சொல்லிவிடுகிறேன். பின்கியர் தொங்குவதற்கென்று சட்டத்தில் ஒரு குட்டி அலுமினியக் கொக்கி உண்டு. சைக்கிள் விழுந்தால் சட்டம் வளையாமல் இது வளைய வேண்டும் என்று வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், அடுத்தவரிடம் கடன் வாங்க முடியாது. ஆகவே உபரி ஒன்று பையின் அடியில் தூங்குகிறது.

எல்லாவற்றையும் எடுத்துப் போக முடியாதுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் உடைந்தால் என்ன செய்வது? 1913 டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்தோஃபுக்கு அதுதான் நடந்தது. பிரனீஸ் மலையில் துர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது போர்க் முறிந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார். சாந்த்-மரி-த-கம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறை. வெளியார் உதவி கூடாது என்பது அன்றைய விதி, அதிகாரிகள் நின்று பார்க்கிறார்கள். தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, போர்க்கைச் சரிசெய்து கிளம்பினார். ஆனால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினானாம், அதற்கு நேர அபராதம் போட்டார்கள்! இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரக்காணத்துப் பங்ச்சர் கடை அண்ணன்தான் ஞாபகம் வருவார். எங்கள் விதி அவரைத் தடுக்கவில்லை. அவர் எத்தனை துருத்தி வேண்டுமானாலும் ஊதலாம்.

எட்டு மணிக்கு அழைப்பு மணி. யார் தெரியுமா? எங்கள் குழுவிலேயே மூத்தவர், அறுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணா. கையில் சைக்கிள் இல்லை, முன்சக்கரம் மட்டும்!

"அம்மா, ஒரு காபி கிடைக்குமா? இவளுக்கு ஒண்ணு காட்டணும். லைட்டை அணைங்கோ."

அணைத்தோம். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னார். ஹப்பிலிருந்து வந்த ஒயரை ஒரு விளக்கில் செருகியிருந்தார். சுற்றினேன். ஹால் முழுக்க வெள்ளை வெளிச்சம்! காலண்டர் தெரிந்தது, அம்மாவின் மூக்குத்தி தெரிந்தது, தாம்பாளத்தில் பித்தளை அடாப்டர் பொன்னாக மின்னியது. சக்கரத்தின் நடுவிலேயே டைனமோ. 6 வோல்ட், 3 வாட். பேட்டரி தீரும் என்ற பயமே இல்லை, மிதிக்கும் வரை எரியும்.

"உங்கப்பா ஹெர்குலிஸ்ல இருந்ததே, டயர்ல உரசிண்டு கிர்ர்னு கத்துமே, அதோட பேத்தி இது" என்றார் அண்ணா. அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. விளக்கில்லாமல் வந்த சைக்கிளைப் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்ட ஒரு மார்கழி ராத்திரியின் கதையை ஆரம்பித்தாள். அப்பா மூன்று தெரு தள்ளிக்கொண்டு வந்தாராம். நான் மறுபடி சுற்றினேன். மறுபடி வெளிச்சம். பத்துத் தடவையாவது சுற்றியிருப்பேன்.

அண்ணா 2019-ல் பிரான்ஸ் போய் அந்த 1,200 கிலோமீட்டரையும் ஓட்டியவர். அங்கே பின்விளக்கு மினுக்கக் கூடாது, நின்று எரிய வேண்டும் என்றார். வரிசையாகப் போகும்போது மினுக்கும் சிவப்பு, பின்னால் வருபவரின் கண்ணை மணிக்கணக்காகக் குத்தும். என்னிடம் டைனமோ இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பேட்டரி விளக்குகள், ஒன்று செத்தால் ஒன்று. கணுக்காலுக்கு மின்னும் பட்டை. மேலங்கியைவிட இது முக்கியம் என்று நான் சத்தியம் செய்வேன். மிதிக்கும்போது இரண்டு ஒளிக்கோடுகள் மேலும் கீழும் போய்வரும். அசைகிற ஒளியைப் பார்த்ததும் இது கம்பமில்லை, மனுஷர் என்று லாரி டிரைவருக்கு உடனே புரிந்துவிடும்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். பஞ்சு வைத்த ஷார்ட்ஸ், உள்ளே வேறெதுவும் இல்லாமல். உரசும் இடங்களில் வாசலின்.

தின்பண்டத் தட்டு அம்மாவின் ராஜ்யம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. சாக்லெட் மாதிரி வெயிலில் உருகாது, ஒரு கையால் உடைத்து வாயில் போடலாம், வெல்லமும் கடலையும் சேர்ந்து ஒரு மணி நேரம் தள்ளும். கொட்டை எடுத்த பேரீச்சை. எலுமிச்சை அளவு புளியோதரை உருண்டைகள், வாழையிலையில். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு. ஒரு லிட்டர் சொம்பில் ஒரு முழுப் பாக்கெட், கூடவோ குறையவோ கூடாது. அதை இரண்டு அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றிக்கொள்கிறேன். அதிலுள்ள குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டுதான் குடல் சுவரைத் தாண்டும், தண்ணீரையும் கூட இழுத்துப் போகும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மத்தியானக் கடற்காற்றில் சுருண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அடுக்கல்! முதலில் தேவைப்படுவது கடைசியில் உள்ளே போகும். கொக்கி அடியில், காலுறை டியூப்கள் நடுவில், நெம்புகோலும் முள்வாங்கியும் மேலே. பையைச் சீட்டுக்கு அடியில் வார் போட்டு இறுக்கியபின் ஒரு சோதனை. சைக்கிளை நான்கு விரற்கடை தூக்கித் தொப்பென்று விடுவேன். கடகட என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது. இன்று முதல் தடவை கடகட. தண்ணீர் பாட்டில் கூட்டின் திருகு. இறுக்கினேன். இரண்டாம் தடவை தொப். அவ்வளவுதான், வேறு சத்தமே இல்லை. அம்மாவும் அண்ணாவும் ஒரே நேரத்தில் "ஆங்!" என்றார்கள்.

சனிக்கிழமை காலை 5 மணிக்குத் தொடக்க இடம். ஒரு டீக்கடைக்கு எதிரே மடக்கு மேசை, முத்திரை, மைத்தட்டு. தன்னார்வலர்கள் அங்கே மூன்றரைக்கே வந்திருக்கிறார்கள். வரிசையாகச் சைக்கிள்களைப் பார்க்கிறார்கள். பிரேக் பிடித்துக் காட்டு, ஹெல்மெட், மேலங்கி, முன்விளக்கு, பின்விளக்கு. "யார்கிட்டயாவது ஜிப் டை இருக்கா?" "எனக்கு ஒரு ஊக்கு!" நாற்பது பைகளும் திறந்து மூடுகின்றன. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண்ணுக்கு இதுதான் முதல் முந்நூறு.

"அக்கா, முள்வாங்கி எதுக்குக்கா?"

சொன்னேன். கைக்குட்டை ஓட்டுவதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் தன் பையைத் திறந்து மாற்று டியூபைக் காட்டினாள். கருவியோடு ஒட்டி, வெறுமனே கிடந்தது. என் பையில் மாற்றாக வைத்திருந்த காலுறை ஒன்று இருந்தது. டியூபை அதற்குள் போட்டுச் சுருட்டிக் கொடுத்தேன்.

மேசையில் அட்டை தந்தார்கள். மடிக்கும் கெட்டி அட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஊரின் முத்திரை விழ வேண்டும். வியர்வையில் கரைந்தாலோ காற்றில் பறந்தாலோ 300 கிலோமீட்டரும் கணக்கில் வராது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, முதுகுப் பையில் நடுவில் வைத்தேன். முதல் கட்டத்தில் மை இன்னும் ஈரமாக இருந்தது.

5.58. "எல்லாரும் லைட் போட்டுக்குங்க!"

இருட்டுத் தெருவில் நாற்பது சிவப்பு விளக்குகள், மினுக்காமல், ஒரே வரிசையில். முன்னால் எங்கோ அண்ணாவின் டைனமோ இன்னும் எரியவில்லை, சக்கரம் சுற்றக் காத்திருக்கிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை பெடலில் வைத்து, எல்லோரும் மூச்சை அடக்கி நிற்கிறோம். விசில். ஷூவின் அடியிலுள்ள கொக்கி பெடலில் மாட்டும் சத்தம், முன்னாலிருந்து பின்னால் வரை, மழை ஓட்டின் மேல் இறங்குகிற மாதிரி.

டக். டக், டக். டக்டக்டக்டக்.